மலேரியாவுக்கு எதிராக உடல் தானே உருவாக்கும் ஆன்டிபாடிகளை அப்படியே தடுப்பூசியாக்க முடியாதா?

கேள்வி இதுதான்: மலேரியா விடாமல் பரவும் பகுதிகளில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தக் காய்ச்சல் கடுமையாக வருவதில்லை. அவர்களுடைய ரத்தத்தில் ஒட்டுண்ணியின் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏராளமாக இருக்கின்றன. அப்படியானால் எந்தப் புரதத்துக்கு எதிராக அதிக ஆன்டிபாடி உருவாகிறது என்று பார்த்து, அந்தப் புரதத்தையே தடுப்பூசியாகக் கொடுத்துவிட்டால் போதாதா? இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?

நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் நீண்ட காலம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனார்கள். கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. உடல் அதிகமாக ஆன்டிபாடி உருவாக்கும் புரதம் ஒன்று. அடித்தால் ஒட்டுண்ணி வீழ்ந்துவிடும் புரதம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். இன்று உருப்படியாக வேலை செய்யும் மலேரியா தடுப்பூசிகள், இயற்கைத் தொற்றின்போது உடல் அதிகம் கவனிக்காத ஒரு புரதத்தை அடிப்படையாகக் கொண்டவை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஆன்டிபாடி உண்மையிலேயே மலேரியாவைத் தடுக்கிறதா? இதற்கு மறுக்க முடியாத சான்று 1961ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. சிட்னி கோஹன், இயன் மெக்கிரிகர் ஆகியோரின் குழு, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வாழும் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து காமா குளோபுலின் என்ற ஆன்டிபாடிப் பகுதியைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்தியது. சில நாட்களில் குழந்தைகளின் ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன. மலேரியாவே இல்லாத பிரிட்டனில் வாழ்ந்தவர்களிடமிருந்து எடுத்த காமா குளோபுலினுக்கு அந்த விளைவு இல்லை. ஆக, பாதுகாப்பு ரத்தத்தில் இருக்கிறது; ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றக்கூடிய ஒன்றாக இருக்கிறது; அது ஆன்டிபாடிதான்.

1991இல் இதன் தொடர்ச்சியாக இன்னொரு சோதனை நடந்தது. ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெரியவர்களின் ஆன்டிபாடிகள், மருந்துக்குக் கட்டுப்படாத மலேரியா கண்ட தாய்லாந்து நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கொடுக்கப்பட்டன. அங்கும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை சரிந்தது. ஒரு கண்டத்து மனிதரின் ஆன்டிபாடி இன்னொரு கண்டத்து ஒட்டுண்ணியைப் பிடித்தது என்பது சாதாரண விஷயமல்ல. உலகெங்கும் உள்ள ஒட்டுண்ணிகளுக்குப் பொதுவான ஏதோ ஒன்றை அந்த ஆன்டிபாடிகள் அடையாளம் காண்கின்றன என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். மலேரியா தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கையின் பெரும்பகுதி இந்தச் சோதனைகளின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அந்த ஊசியில் போனது ஒரேயொரு ஆன்டிபாடி அல்ல. ஒருவர் பிறந்ததிலிருந்து பெற்ற நூற்றுக்கணக்கான தொற்றுகளின் மொத்த நினைவு அது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதி 2002இல் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, அதில் சுமார் 5,300 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது? கோஹனின் சோதனை இதற்குப் பதில் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளாக நடக்கும் தேடல் அந்தப் பதிலுக்குத்தான்.

ஒட்டுண்ணி எங்கே ஆன்டிபாடியின் கைக்குள் வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்குபவை ஸ்போரோசோயிட்டுகள்; உடலுக்குள் நுழையும்போது ஒட்டுண்ணிக்கு இருக்கும் வடிவம் இது. எண்ணிக்கையில் மிகச் சில; பெரும்பாலும் நூறைத் தாண்டாது. அவை சீக்கிரமே கல்லீரலை அடைந்து அங்குள்ள அணுக்களுக்குள் புகுந்துவிடும். உள்ளே போய்விட்டால் ஆன்டிபாடி தொட முடியாது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு கல்லீரல் அணுவிலிருந்தும் மெரோசோயிட்டுகள் என்ற அடுத்த வடிவத்தில் பல்லாயிரம் ஒட்டுண்ணிகள் வெளியே வந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். சிவப்பணுவுக்குள் நுழைய ஒரு மெரோசோயிட்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. உள்ளே பெருகி, 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி, அடுத்த அணுவைத் தேடும். காய்ச்சல் வருவது இந்தச் சுற்றில்தான். கல்லீரலில் இருக்கும் வரை நோயாளிக்கு எதுவும் தெரியாது.

அதாவது ஆன்டிபாடிக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. கடித்தவுடன் சில நிமிடங்கள். அணு உடைந்து ஒட்டுண்ணி வெளியே நிற்கும் சில விநாடிகள். பிறகு, தொற்றிய சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டுண்ணி தானே நீட்டிவைக்கும் புரதங்கள். கோஹனின் சோதனையில் வேலை செய்த ஆன்டிபாடிகள் இந்த ரத்தக் கட்டத்து ஒட்டுண்ணியைத் தாக்கியவை.

இயற்கையாக வரும் எதிர்ப்புச் சக்தி ஒரே நாளில் வருவதில்லை. ஒரே மாதிரியாகவும் வருவதில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் தாயின் ஆன்டிபாடி துணை இருக்கும். பிறகு ஐந்து வயது வரை ஆபத்தான காலம். 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு; அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். தப்பிப் பிழைக்கும் குழந்தைக்கு முதலில் உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. அதற்கு வெகு காலம் கழித்துத்தான் காய்ச்சலிலிருந்து பாதுகாப்பு. தொற்றே ஏற்படாத நிலை பெரியவர்களுக்கும் முழுமையாக வாய்ப்பதில்லை. ரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்தபடி வயல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். நோய் வராது, ஆனால் அவர்களைக் கடிக்கும் கொசுவுக்கு ஒட்டுண்ணி கிடைக்கும்.

இதில் வயதுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தோனேசியாவில், மலேரியா குறைந்த ஜாவாத் தீவிலிருந்து நோய் கடுமையாகப் பரவும் பப்புவா பகுதிக்குக் குடியேறியவர்களைக் கெவின் பெயர்டும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே நேரத்தில் முதன்முறையாக ஒட்டுண்ணியைச் சந்தித்தவர்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே பெரியவர்களிடம் பாதுகாப்பு தெரிய ஆரம்பித்தது; குழந்தைகளிடம் தெரியவில்லை. எத்தனை முறை தொற்று வந்தது என்பது மட்டுமே கணக்கு என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது. நோய் எதிர்ப்பு அமைப்பு முதிர்ந்திருப்பதும் கணக்கில் சேர்கிறது.

"இந்த எதிர்ப்புச் சக்தி ஊரைவிட்டுப் போனால் மறைந்துவிடும்" என்று அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. ஒட்டுண்ணியின் வரவு நின்றால் ஆன்டிபாடி அளவு இறங்குகிறது. குழந்தைகளிடம் சில மாதங்களிலேயே இறங்கிவிடுகிறது. ஆனால் மடகாஸ்கரின் மேட்டுநிலப் பகுதியில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்த மலேரியா 1980களின் பிற்பகுதியில் திரும்பி வந்தபோது, இளமையில் அதைச் சந்தித்திருந்த மூத்த தலைமுறையினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். உடலில் ஏதோ ஒரு நினைவு மிஞ்சியிருக்கிறது. ஆன்டிபாடி அளவை மட்டும் அளப்பவர்களின் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: எந்தப் புரதம்?

வழக்கமான வழி இது. மழைக்காலத்துக்கு முன் ஒரு கிராமத்துக் குழந்தைகளிடமிருந்து ரத்த மாதிரி எடுப்பார்கள். ஒவ்வொரு புரதத்துக்கும் எதிரான ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று எலைசா பரிசோதனையில் அளப்பார்கள். பிறகு அந்தப் பருவம் முழுவதும் யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று கண்காணிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடி அதிகமாக இருந்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைவாக வந்திருந்தால், அந்தப் புரதம் தடுப்பூசிக்கான பட்டியலில் ஏறும்.

பார்ப்பதற்கு நேர்த்தியான முறை. ஆனால் உள்ளே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆன்டிபாடி என்பது "இந்தக் குழந்தையை ஒட்டுண்ணி தொட்டிருக்கிறது" என்பதற்கான தடயமும்கூட. குளத்தருகே குடியிருக்கும் குழந்தையைக் கொசு அதிகம் கடிக்கும். ஆன்டிபாடியும் அதிகம் இருக்கும். அடுத்த பருவத்தில் காய்ச்சலும் அதிகம் வரும். ஆன்டிபாடி கெடுதல் செய்கிறது என்று கணக்கு காட்டும்! இதற்கு நேர் எதிராக, கொசுவே கடிக்காத குழந்தை காய்ச்சல் வராததால் "பாதுகாக்கப்பட்டவர்" பட்டியலில் சேர்ந்துவிடும். அதன் ரத்தத்தில் ஆன்டிபாடியே இருக்காது. இந்தக் குழப்பத்தைக் களைய, ஏற்கெனவே ஒட்டுண்ணி உள்ள குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்ப்பது, மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை முழுக்க நீக்கிவிட்டு மறுதொற்றைக் கண்காணிப்பது போன்ற உத்திகளைக் கையாள்கிறார்கள்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. எதிர்ப்புச் சக்தி வளர வளர எல்லா ஆன்டிபாடிகளும் கூட்டமாகவே உயர்கின்றன. இருபது புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஒருவரிடம் ஒரே நேரத்தில் இருந்தால், உண்மையில் வேலை செய்வது எது, வெறுமனே உடன் நிற்பது எது என்று எப்படிச் சொல்வது? புள்ளியியல் இங்கே ஓரளவுக்கு மேல் உதவாது.

கென்யாவின் கிலிஃபியில் ஃபெய்த் ஓசியர் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் ஒரு தெளிவைத் தந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது மங்கலாகத் தெரிந்த பாதுகாப்பு, பல மெரோசோயிட் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஒருங்கே, அதுவும் உயர்ந்த அளவில் இருந்த குழந்தைகளிடம் பளிச்சென்று தெரிந்தது. பன்முகத்தன்மை, அளவு ஆகிய இரண்டும் சேர வேண்டும். ஒரு புரதத்துக்கு எதிராகக் கொஞ்சம் ஆன்டிபாடி என்பது பயனற்றது. என் பார்வையில், இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டும் அதன் கசப்பான உட்பொருள் போதுமான அளவு ஏற்கப்படாத முடிவு இது. இயற்கை பல புரதங்களை ஒரே நேரத்தில் தாக்கித்தான் ஜெயிக்கிறது என்றால், ஒரே புரதத்தை வைத்து இயற்கையை நகலெடுப்பது எப்படி?

இருந்தும் நகலெடுக்கப் பார்த்தார்கள். ஏஎம்ஏ1 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெரோசோயிட் சிவப்பணுவுக்குள் நுழைய இது அவசியம். இயற்கைத் தொற்றில் இதற்கு எதிராக ஏராளமாக ஆன்டிபாடி உருவாகிறது. சோதனைக்குழாயில் அந்த ஆன்டிபாடி ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்கிறது. இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் வேண்டுமா? மாலி நாட்டின் பாண்டியகாரா பகுதியில் 400 குழந்தைகளிடம் இந்தத் தடுப்பூசி சோதிக்கப்பட்டு 2011இல் முடிவு வெளியானது. மொத்தப் பாதுகாப்பு 17 சதவீதம் மட்டுமே. புள்ளியியல்படி அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தரவுக்குள் நுழைந்து பார்த்தபோது, தடுப்பூசியிலிருந்த அதே வகை ஏஎம்ஏ1 கொண்ட ஒட்டுண்ணிகளுக்கு எதிராக மட்டும் 64 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. தடுப்பூசி வேலை செய்தது, ஒரேயொரு வகைக்கு. அதே பாண்டியகாராவில் புழங்கும் ஒட்டுண்ணிகளிடம் 200க்கும் மேற்பட்ட ஏஎம்ஏ1 வகைகள் இருப்பது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது.

பப்புவா நியூ கினியில் அதற்கும் முன்பே இதே பாடம் கிடைத்திருந்தது. எம்எஸ்பி2 உள்ளிட்ட மூன்று ரத்தக் கட்டப் புரதங்கள் சேர்ந்த தடுப்பூசி அங்கு குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒட்டுண்ணிகளின் அடர்த்தி குறைந்தது உண்மைதான். ஆனால் தடுப்பூசியில் இருந்த எம்எஸ்பி2 வகை கொண்ட ஒட்டுண்ணிகள் பின்வாங்க, மற்றொரு வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆய்வுகளில் பாதுகாப்புடன் நன்றாகத் தொடர்புபட்ட எம்எஸ்பி3, குளுர்ப் ஆகிய இரண்டு புரதங்களையும் இணைத்த ஜிஎம்சட்2 தடுப்பூசியும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதிக்கப்பட்டது. கிடைத்த பாதுகாப்பு சுமார் 14 சதவீதம்.

ஏன் இப்படி? பரிணாம நோக்கில் யோசித்தால் விடை தானாக வரும். மனிதரும் இந்த ஒட்டுண்ணியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எந்தப் புரதத்தை மனித உடல் ஓயாமல் தாக்குகிறதோ, அந்தப் புரதத்தில் மாற்றம் செய்துகொண்ட ஒட்டுண்ணிகள்தான் பிழைத்தன. எனவே ஆன்டிபாடி அதிகம் உருவாகும் புரதங்கள் பெரும்பாலும் ஊருக்கு ஊர், தொற்றுக்குத் தொற்று வேறுபடும் புரதங்களாக இருக்கின்றன. அதிக ஆன்டிபாடி என்பது ஒட்டுண்ணி அந்த இடத்தில் அடி வாங்கப் பழகிவிட்டது என்பதற்கான அறிகுறியாகவே பல நேரங்களில் இருக்கிறது. மாற்றிக்கொள்ள முடியாத உறுப்புகளை அது ஒளித்து வைக்கிறது, அல்லது மிகக் குறைந்த நேரமே வெளியே காட்டுகிறது.

அப்படி ஒளித்து வைக்கப்பட்ட ஒன்றுதான் ஆர்எச்5. மெரோசோயிட்டின் முனையிலுள்ள சிறு பைகளில் பதுங்கியிருந்து, சிவப்பணுவைத் தொட்ட பிறகே வெளியே வரும். சிவப்பணுவின் மேலுள்ள பேசிஜின் என்ற புரதத்துடன் இது இணைவது 2011இல் கண்டறியப்பட்டது. இதுவரை சோதித்த ஃபால்சிபாரம் வகைகள் எல்லாவற்றுக்கும் இந்த இணைப்பு கட்டாயம். அதனால் ஆர்எச்5 அதிகம் வேறுபடுவதில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் மலேரியாவோடு வாழ்ந்தவர்களிடமும் இதற்கு எதிரான ஆன்டிபாடி சொற்பமே. எந்தப் புரதத்துக்கு அதிக ஆன்டிபாடி என்று பட்டியலிட்டிருந்தால் ஆர்எச்5 கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கும். இதை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி புர்கினா ஃபாசோவில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, மூன்றாவது தவணையைத் தாமதமாகக் கொடுத்த பிரிவில் ஆறு மாத காலத்தில் 55 சதவீதப் பாதுகாப்பு தந்தது. ரத்தக் கட்டத் தடுப்பூசிகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

ஸ்போரோசோயிட்டின் மேலாடையான சிஎஸ்பி என்ற புரதத்தின் கதையும் இதே திசையில்தான் போகிறது. 1967இல் ரூத் நுஸ்ஸென்ஸ்வைக், கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தினால் அவை பாதுகாக்கப்படுகின்றன என்று காட்டினார். அந்தப் பாதுகாப்பின் பின்னணியைத் தேடிப் போனபோது சிஎஸ்பி அகப்பட்டது. ஃபால்சிபாரத்தில் அதன் மரபணு 1984இல் கண்டறியப்பட்டது. புரதத்தின் நடுவில் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கோவை திரும்பத் திரும்ப வருகிறது. ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டுகின்றன. கவனியுங்கள், இந்தப் புரதம் கிராமத்துப் பெரியவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து கிடைத்தது அல்ல. செயற்கையான ஓர் ஆய்வகச் சோதனையிலிருந்து வந்தது. இயற்கையில் ஒரு கொசுக்கடியில் வரும் சில ஸ்போரோசோயிட்டுகளைக் கண்டு உடல் உருவாக்கும் சிஎஸ்பி ஆன்டிபாடி மிகக் குறைவு. அதை வைத்து யார் பாதுகாக்கப்படுவார்கள் என்று கணிக்கவும் முடிவதில்லை.

1980களின் இறுதியில் தொடங்கிய ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி, இந்தப் புரதத்தின் ஒரு பகுதியை ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடு இணைத்து, நோய் எதிர்ப்பைத் தூண்டும் வலுவான துணைமருந்துடன் கொடுக்கிறது. இதனால் உருவாகும் ஆன்டிபாடி, இயற்கைத் தொற்றில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இயற்கை செய்வதைத் தடுப்பூசி நகலெடுக்கவில்லை. இயற்கை ஒருபோதும் எட்டாத உயரத்துக்கு ஒரு ஆன்டிபாடியை ஏற்றுகிறது. 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், நான்கு தவணை பெற்ற 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் தாக்குதல்கள் 36 சதவீதம் குறைந்தன. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அதே புரதத்தை இன்னும் அடர்த்தியாக அடுக்கிய ஆர்21 தடுப்பூசி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி, சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவில் தயாரிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் பரிந்துரை பெற்றது. மலேரியா பருவத்துக்குச் சற்று முன்பாகக் கொடுத்த இடங்களில் முதல் ஆண்டில் அதன் பாதுகாப்பு சுமார் 75 சதவீதம்.

36 சதவீதம் என்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. நோய்ச்சுமை அதிகமுள்ள இடத்தில் அந்த அளவே ஏராளமான உயிர்களைக் காக்கும் என்பதை மறக்கக் கூடாது. கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் 2019இல் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், தடுப்பூசி பெறும் வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பு சுமார் 13 சதவீதம் குறைந்தது.

சிஎஸ்பி ஆன்டிபாடிக்கு வேறொரு பலவீனம் உண்டு. அது சீக்கிரம் வடிந்துவிடுகிறது. ஒரு ஸ்போரோசோயிட் தப்பினாலும் நோய் முழுதாக வரும், ஏனென்றால் அந்த ஆன்டிபாடி ரத்தக் கட்டத்தில் எதுவும் செய்யாது. இங்கே தடுப்பூசியும் இயற்கை எதிர்ப்புச் சக்தியும் மோதும் ஓர் இடம் வருகிறது. ஆர்டிஎஸ்,எஸ் மூன்று தவணை பெற்ற கென்யக் குழந்தைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மொத்தப் பாதுகாப்பு 4.4 சதவீதமாகச் சரிந்திருந்தது. தொற்று அதிகமுள்ள பகுதிகளில், ஐந்தாம் ஆண்டில், தடுப்பூசி பெற்றவர்களுக்கே மலேரியா சற்று அதிகமாக வந்தது. தடுப்பூசி தொற்றைக் குறைத்த காலத்தில் மற்றக் குழந்தைகள் இயற்கையாகக் கற்றுக்கொண்ட பாடத்தை இவர்களது உடல் கற்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தடுப்பூசி வேண்டாம் என்பதற்கான வாதம் அல்ல இது; ஆபத்தான வயதைத் தாண்டவைப்பதே பெரும் லாபம். ஊக்கத் தவணை ஏன் தேவை என்பதற்கும், ரத்தக் கட்டத் தடுப்பூசி ஒன்று கூடவே ஏன் வேண்டும் என்பதற்கும் இது வலுவான காரணம்.

இயற்கை சரியான இடத்தைத் தெளிவாகச் சுட்டிக்காட்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். மலேரியாப் பகுதியில் வளர்ந்து, நல்ல எதிர்ப்புச் சக்தி பெற்ற ஒரு பெண், முதல்முறை கருவுறும்போது மீண்டும் நோய்வாய்ப்படுகிறாள். ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் திரள்கிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கர்ப்பங்களில் ஆபத்து படிப்படியாகக் குறைகிறது. 1996இல் மிக்கால் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி இருவரும் கென்யாவில் இதன் காரணத்தைக் கண்டார்கள்: நஞ்சுக்கொடியில் திரளும் ஒட்டுண்ணிகள், அங்குள்ள காண்ட்ராய்ட்டின் சல்பேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும் தனிவகை. பலமுறை கருவுற்ற பெண்களின் ஆன்டிபாடி இந்தப் பிடிப்பைத் தடுக்கிறது. வேறு கண்டத்து ஒட்டுண்ணியின் பிடிப்பையும் தடுக்கிறது. ஆண்களிடம் இந்த ஆன்டிபாடி அரிது. புரதத்தின் பெயர் வார்2சிஎஸ்ஏ. யாருக்கு, எப்போது, எதனால் பாதுகாப்பு என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரியும் இடம் மலேரியாவில் வேறில்லை. அப்படியும் இதை வைத்துச் செய்த பேம்வேக், ப்ரிம்வேக் ஆகிய இரு தடுப்பூசிகளின் முதல் கட்டச் சோதனைகளில், உருவான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தடுப்பூசியில் இருந்த வகையை மட்டுமே பிடித்தன. புரதம் பெரியது, அதன் எந்தத் துண்டில் அந்தத் தாய்மார்களின் ஆன்டிபாடி ஒட்டுகிறது என்பதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வார்2சிஎஸ்ஏ ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர். ஒவ்வொரு ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியிடமும் சுமார் 60 வார் மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் ஒரு நேரத்தில் இயங்கி, தொற்றிய சிவப்பணுவின் மேல் ஒரு புரதத்தை நிறுத்தும். உடல் அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடி தயாரிப்பதற்குள் ஒட்டுண்ணி சட்டையை மாற்றுவது போல அடுத்த மரபணுவுக்குத் தாவிவிடும். குழந்தைப் பருவம் முழுதும் நடக்கும் போராட்டத்தின் பெரும்பகுதி இந்த அறுபது சட்டைகளையும், அடுத்த ஒட்டுண்ணி கொண்டுவரும் வேறு அறுபதையும் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதுதான்.

மனித உடலும் லேசுப்பட்டதல்ல. 2016இல் கென்யர்கள் சிலரின் ரத்தத்தில் விசித்திரமான ஆன்டிபாடிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலிருக்கும் எல்ஏஐஆர்1 என்ற முற்றிலும் வேறான புரதத்தின் ஒரு துண்டு, வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஆன்டிபாடி மரபணுவுக்குள் செருகப்பட்டிருந்தது. ஒட்டுண்ணியின் ரிஃபின் என்ற மற்றொரு பெருங்குடும்பப் புரதங்களில் பலவற்றை இந்த ஆன்டிபாடி பிடிக்கிறது. மலேரியாப் பகுதிகளில் வாழ்பவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேரிடம் இது இருப்பது பின்னர் தெரியவந்தது. ஆன்டிபாடி இப்படியும் உருவாகும் என்று அதற்கு முன் எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இதைத் தடுப்பூசியால் வரவழைப்பது நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. ஆனால் உடல் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற வேறொரு ஒட்டுண்ணியால் வரும் மலேரியாவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பெரும்பாலும், அணுவின் மேலுள்ள டஃபி என்ற புரதத்தையே ஒரே வாசலாக நம்பியிருக்கிறது. பப்புவா நியூ கினிக் குழந்தைகளில், வைவாக்ஸின் டஃபி இணைப்புப் புரதம் அந்த வாசலைப் பற்றாமல் தடுக்கும் திறன் உயர்ந்த அளவில் இருந்தவர்களுக்கு மறுதொற்று பாதிக்கும் மேல் குறைந்தது. வெறும் ஆன்டிபாடி அளவு அல்ல, தடுக்கும் திறன் என்பதைக் கவனியுங்கள். அதே புரதத்தைத் தடுப்பூசியாக்கி, தன்னார்வலர்களைத் திட்டமிட்டுத் தொற்றுக்கு உள்ளாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு சோதனையில் ஒட்டுண்ணியின் பெருக்க வேகம் ஏறத்தாழப் பாதியானது.

ஆன்டிபாடியை உருவாக்கும் வேலையை உடலிடம் விடாமல், ஆன்டிபாடியையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சியும் பலன் தந்திருக்கிறது. வலுவிழந்த ஸ்போரோசோயிட் தடுப்பூசி பெற்ற ஒரு தன்னார்வலரின் ரத்தத்திலிருந்து எடுத்து, உடலில் நீண்ட நாள் தங்கும்படி மாற்றப்பட்ட சிஐஎஸ்43எல்எஸ் என்ற ஒற்றை ஆன்டிபாடி, மாலியில் பெரியவர்களுக்கு ஒரே தவணையாகக் கொடுக்கப்பட்டபோது ஆறு மாதத்துக்கு 88 சதவீதம் வரை தொற்றைத் தடுத்தது. 1961இல் கோஹன் குழு பலரின் ரத்தத்தைத் திரட்டிச் செய்ததை இப்போது ஒரேயொரு மூலக்கூறு செய்கிறது. இம்முறை ரத்தக் கட்டத்தில் அல்ல, நுழைவாயிலிலேயே.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஆன்டிபாடி என்ன செய்கிறது, ஒட்டுண்ணியால் அந்தப் புரதத்தை மாற்றிக்கொள்ள முடியுமா, பாதுகாக்கும் அளவுக்கு அதை உயர்த்தி நிலைநிறுத்த முடியுமா என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். சிஎஸ்பியையும் ஆர்எச்5ஐயும் ஒரே திட்டத்தில் இணைக்கும் சோதனைகள் இந்தக் கணக்கின்படிதான் நடக்கின்றன.

இன்னொன்று. பாதுகாப்புத் தராத ஆன்டிபாடிகள் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். உறங்கும்போது எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. ஆனால் எட்டு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சேர்த்து அளந்தால், ஒருவருக்குக் கடந்த ஒன்பது மாதங்களுக்குள் வைவாக்ஸ் தொற்று வந்ததா என்பதைச் சுமார் 80 சதவீதத் துல்லியத்துடன் சொல்லலாம் என்று தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் ஆகிய இடங்களின் மாதிரிகளைக் கொண்டு 2020இல் காட்டினார்கள். அப்படி அடையாளம் காணப்படுபவர்களுக்கு, ஜி6பிடி குறைபாடு (இந்த மாத்திரையால் சிவப்பணுக்கள் உடையக் காரணமாகும் பிறவி நொதிக் குறைபாடு) இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் பிரைமாகுவின் மாத்திரையைக் கொடுக்கலாம்.